ஒரே ரிசீவரில் இரண்டு அறைக்கும் பாட்டு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹாலில் ஓடும் பாட்டு அடுக்களையிலும் கேட்க வேண்டும். என்னிடம் வரும் கேள்விகளில் முக்கால்வாசி இந்த ஒரே ஆசையிலிருந்து கிளம்புபவைதான். நான் இதைத் தொழிலாகச் செய்பவன் இல்லை. குமரி மாவட்டத்தில் தக்கலை, நாகர்கோவில், மார்த்தாண்டம் பக்கம் தெரிந்தவர்கள் வீட்டில் ரிசீவர், அதாவது ரேடியோவும் ஆம்பும் சேர்ந்த பெட்டி, பூட்டிக்கொடுத்துப் பழகியவன். சில வீடுகளில் சொதப்பியும் இருக்கிறேன், அதையும் மறைக்காமல் எழுதியிருக்கிறேன்.

என் ரிசீவர் இரண்டு அறைக்குப் பாடுமா என்று எப்படிப் பார்ப்பது?

பெட்டியைத் திருப்பி, டார்ச் அடித்துப் பின்பக்கத்தைப் பாருங்கள். முன்பக்கப் பளபளப்பில் ஒன்றும் தெரியாது.

ஸ்பீக்கர் வயர் மாட்டும் இடத்தில் 'ஸ்பீக்கர்ஸ் ஏ', 'ஸ்பீக்கர்ஸ் பி' என்று இரண்டு தொகுதி இருந்தால் வேலை சுலபம். ஒரே பாட்டு இரண்டு அறையிலும் ஓடும். முன்பக்கத்தில் ஏ, பி என்று பொத்தான்களும் இருக்கும். 'ஸோன் 2' என்றோ, 'சரவுண்ட் பேக்' என்பதற்குப் பக்கத்திலேயே 'ஸோன் 2' என்றோ எழுதியிருந்தால் இன்னும் ஒரு படி மேல்: ஹாலில் படம் ஓடும்போது உள்ளறையில் வேறு பாட்டு போடலாம். சிலவற்றில் ஸோன் 2 என்று எழுதியிருக்கும், ஆனால் அங்கே ஸ்பீக்கர் முனை இருக்காது. சிவப்பு, வெள்ளை என்று இரண்டு ஆர்சிஏ துளைகள் மட்டும் இருக்கும். அதிலிருந்து வருவது சிறிய சிக்னல்தான். நேராக ஸ்பீக்கரை மாட்டினால் ஒன்றும் கேட்காது, நடுவில் இன்னொரு ஆம்ப் (சிக்னலைப் பெரிதாக்கி ஸ்பீக்கரை ஓட்டுவது) வேண்டும்.

இது எதுவுமே இல்லாத ரிசீவர்களும் உண்டு. விலை குறைந்த 5.1 (ஐந்து ஸ்பீக்கர், ஒரு சப்வூஃபர்) ரிசீவர்கள் பலவும் அப்படித்தான். அதற்கும் வழி இருக்கிறது, கீழே வருகிறேன்.

ஏ-பி போதுமா, ஸோன் 2 உள்ளதாகப் பார்த்து வாங்க வேண்டுமா?

வீட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் இரண்டு விதமாகக் கேட்பீர்களா என்று முதலில் உங்களையே கேட்டுக்கொள்ளுங்கள். என் அனுபவத்தில் பெரும்பாலான வீடுகளுக்கு ஏ-பி தாராளம். மார்த்தாண்டத்தில் ஒரு நண்பர் ஸோன் 2 வேண்டும் என்று அடம்பிடித்து 7.2 ரிசீவர் வாங்கினார். இரண்டு வருஷம் கழித்துப் போய்க் கேட்டேன். காலையில் இரண்டு அறையிலும் ரேடியோ, ராத்திரி ஹாலில் மட்டும் படம். இதற்கு ஏ-பி போதாதா?

ஆனால் ஏ-பியில் ஒரு குறை உண்டு. வால்யூம் ஒன்றுதான். ஹாலில் கூட்டினால் அடுக்களையிலும் கூடும். மிக்ஸி ஓடும் இடத்துக்கு அதிகச் சத்தமும், பேச்சு நடக்கும் ஹாலுக்குக் குறைந்த சத்தமும் வேண்டும் என்றால் அடுக்களைச் சுவரில் தனி வால்யூம் கண்ட்ரோல் ஒன்று பூட்டலாம். அது ஃபேன் ரெகுலேட்டர் மாதிரி இருக்கும், ஆனால் ஃபேன் ரெகுலேட்டர் அல்ல. ஸ்பீக்கருக்கென்றே டிரான்ஸ்பார்மர் வைத்துச் செய்தது. சிரிக்காதீர்கள், ஃபேன் ரெகுலேட்டரைப் பூட்டிவிட்டுக் கூப்பிட்டவர் உண்டு.

ஓம் கணக்கு என்கிறார்களே, அது என்ன? பார்க்காவிட்டால் என்ன ஆகும்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைப் படிக்க நேரம் இருந்தால் இதைப் படியுங்கள்.

ஒவ்வொரு ஸ்பீக்கரின் பின்னாலும் 4, 6, 8 என்று ஓம் எண் இருக்கும். கரண்டுக்கு அந்த ஸ்பீக்கர் காட்டும் தடை அது. எண் குறையக் குறைய ஆம்ப் அதிகக் கரண்ட் கொடுக்க வேண்டியிருக்கும். கிணற்றிலிருந்து ஒரு குழாயில் தண்ணீர் போய்க்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இன்னொரு குழாயையும் திறந்துவிட்டால் மோட்டார் படும் பாடுதான். ஒரே முனையில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கரைச் சேர்த்து முறுக்கினால் ஆம்ப் பார்ப்பது 4 ஓம். இரண்டு 4 ஓமைச் சேர்த்தால் 2 ஓம். வீட்டு ரிசீவர்களில் பெரும்பாலானவை 2 ஓமைத் தாங்காது. சூடாகும், 'ப்ரொடெக்ட்' என்று காட்டிவிட்டு அணையும், அந்தப் பாதுகாப்பு ஒழுங்காக வேலை செய்யாத பழைய ஆம்ப் என்றால் உள்ளே அவுட்புட் டிரான்சிஸ்டர் போய்விடும்.

தக்கலைப் பக்கம் ஒரு வீட்டில் வயரிங் செய்த தம்பி சொன்னார், "அண்ணே, ரெண்டு ரூம் வயரையும் ஒண்ணா முறுக்கி மாட்டினா போதும்லா, எதுக்கு இவ்வளவு கணக்கு?" அவர் சொன்னபடிதான் அன்று மாட்டினோம். குற்றம் அவருடையது மட்டுமல்ல, நானும் தலையாட்டினேன். சின்னச் சத்தத்தில் ஒரு மாதம் நன்றாகவே பாடியது. பிள்ளையின் பிறந்தநாளன்று வால்யூமைக் கூட்டினார்கள். கேக் வெட்டுவதற்குள் ரிசீவர் வாயை மூடிக்கொண்டது.

இப்போது ரிசீவரின் பின்பக்கத்துக்கு வாருங்கள். ஸ்பீக்கர் முனைகளின் அருகில் சிறிய எழுத்தில் 'ஏ அல்லது பி என்றால் குறைந்தது இத்தனை ஓம், ஏ+பி என்றால் இத்தனை ஓம்' என்று அச்சடித்திருப்பார்கள். இரண்டாவது எண் பெரும்பாலும் முதல் எண்ணைப் போல இரு மடங்கு. அங்கே ஏ+பிக்கு 16 என்று போட்டிருக்க, உங்கள் பெட்டிகள் 8 ஓம் என்றால், இரண்டு அறையையும் ஒரே நேரத்தில் ஓட்ட அந்த ரிசீவர் சம்மதிக்கவில்லை என்று பொருள். ஒரு நேரத்தில் ஓர் அறை என்றால் ஓட்டலாம். இரண்டும் வேண்டுமென்றால் மேலே சொன்ன வால்யூம் கண்ட்ரோலில் ஓமைக் கூட்டிக்காட்டும் வகை உண்டு, அதைக் கேட்டு வாங்குங்கள். உள்ளே சின்ன ஜம்பர் (இடம் மாற்றிச் செருகும் இணைப்புத் துண்டு) இருக்கும். அதை 2 மடங்கில் வைத்தால் 8 ஓம் ஸ்பீக்கர் ஆம்புக்கு 16 ஓமாகத் தெரியும். அறைக்கு ஒன்று என்று இரண்டு அறைக்கும் பூட்ட வேண்டும். சத்தம் கொஞ்சம் குறையும், வீட்டுக்குள் கேட்க அது போதும்.

ஏ, பி இரண்டையும் அழுத்தினால் சத்தம் மொத்தமாக நின்றுவிடுகிறது. ரிப்பேரா?

பி-யில் ஸ்பீக்கர் மாட்டியிருக்கிறதா என்று முதலில் பாருங்கள். சில ரிசீவர்கள் ஏ+பி அழுத்தும்போது இரண்டையும் சங்கிலி போலத் தொடராகக் கோர்க்கும். பழைய சீரியல் செட் விளக்கில் ஒரு பல்பைக் கழற்றினால் எல்லாம் அணையுமே, அதேதான்.

என்ன வயர், எத்தனை தடிமன்?

கடையில் நூறு பெயர் சொல்வார்கள். உங்களுக்கு வேண்டியது இரண்டு தகவல்: செம்பா, எத்தனை சதுர மில்லிமீட்டர்.

தூரத்தை நேர்க்கோட்டில் அளக்காதீர்கள். ஹால் ஷோகேஸிலிருந்து அடுக்களை 9 மீட்டர்தான் என்று தோன்றும். வயர் சுவரில் ஏறி, பரணில் ஓடி, மறுபடி இறங்கும்போது 15 மீட்டரைத் தாண்டிவிடும். 1.5 சதுர மி.மீ. செம்பு வயரில் 15 மீட்டர் தூரத்துக்குப் போக 15, வர 15, ஆக 30 மீட்டர் செம்பு. அதன் தடை ஏறக்குறைய 0.4 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இது இருபதில் ஒரு பங்கு, அந்த அளவு விடலாம். அதற்கு மேல் தூரம் என்றால் 2.5 சதுர மி.மீ. போடுங்கள், அது 25 மீட்டர் வரை வரும். ஸ்பீக்கர் 4 ஓம் என்றால் இந்தத் தூரங்களைப் பாதியாக்கிக்கொள்ளுங்கள். 0.75 வயரில் பாட்டு வராமல் இருக்காது. பேஸ் தொளதொளவென்று இருக்கும், அவ்வளவுதான்.

செம்பு பூசிய அலுமினிய வயர் நிறைய விற்கிறார்கள். வெளியே செம்பு நிறம், பிளேடால் ஒரு இழையைச் சுரண்டினால் உள்ளே வெள்ளை. தடை செம்பைவிட ஒன்றரை மடங்கு. குளச்சல், முட்டம், மணவாளக்குறிச்சி பக்கம் இருப்பவர்கள் அதைத் தொடவே வேண்டாம். உப்புக்காற்றில் வெட்டிய நுனியிலிருந்து பொரிந்துகொண்டு வரும்.

வீட்டு வயரிங்கிற்கு வாங்கும் 90 மீட்டர் காயிலில் மீந்ததைப் பயன்படுத்தலாமா என்றும் கேட்கிறார்கள். சத்தத்தைப் பொறுத்தவரை தாராளமாகப் பயன்படுத்தலாம், காதுக்கு எந்த வித்தியாசமும் தெரியாது. எனக்கு அதில் வேறு பயம். பத்து வருஷம் கழித்துப் பரணில் ஏறும் எலக்ட்ரீஷியனுக்கு அது ஸ்பீக்கர் வயர் என்று எப்படித் தெரியும்? சிவப்பு வயரைப் பார்த்தால் அவர் லைன் என்றுதான் நினைப்பார். ஒட்டிப்பிறந்த இரட்டையாக வரும் கண்ணாடி நிற ஸ்பீக்கர் வயர் என்றால் அந்தக் குழப்பமே இல்லை. அதனால் நான் அதைத்தான் போடுவேன்.

கன்சீல்டு வயரிங் பைப்பிலேயே ஸ்பீக்கர் வயரையும் இழுத்துவிடலாமா?

வேண்டாம். 230 வோல்ட் போகும் பைப்பில் ஸ்பீக்கர் வயரைச் சேர்த்து இழுப்பது ஆபத்து. உள்ளே எங்காவது இன்சுலேஷன் உரசி இரண்டும் தொட்டால் ரிசீவரின் உடம்பிலேயே கரண்ட் ஏறலாம். தனிப் பைப் போடுங்கள். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஓட வேண்டியிருந்தால் ஒரு அடியாவது தள்ளி ஓட்டுங்கள். குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் நேர்க்குறுக்காகக் கடக்கட்டும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுவரில் ஸ்பீக்கர் வயர் முடியும் இடத்தில் அழகாக இருக்கட்டும் என்று சாதாரண பிளக் சாக்கெட்டைப் பூட்டுகிறார்கள், ஸ்பீக்கர் வயரின் நுனியில் டூ-பின் பிளக். இதைப் போல முட்டாள்தனம் இல்லை. ஒரு வீட்டில் விருந்துக்கு வந்தவர் இடம் மாற்றுவதற்காக ஸ்பீக்கரைக் கழற்றி, பக்கத்திலிருந்த உண்மையான சாக்கெட்டில் செருகிவிட்டார். ஒரு அலறல், பிறகு புகை. ஸ்பீக்கரோடு போயிற்று, நல்ல காலம்.

பழைய ஓட்டு வீடு, வெட்டுக்கல் சுவர் என்றால் சுவரை வெட்டிப் பைப் புதைக்க மனசு வராது. தரையோரம் கேசிங் ஓட்டலாம். மச்சு இருந்தால் அதன் மேலேயே கொண்டுபோகலாம். எலிதான் எதிரி. எலி நடமாட்டம் இருந்தால் அங்கேயும் பைப்புக்குள்தான் விட வேண்டும்.

கோயில் கொடைக்கு ரேடியோ செட் கட்டுகிறவர்கள் மெல்லிய வயரில் ஊர் முழுக்க ஓட்டுகிறார்களே, வீட்டுக்கு மட்டும் ஏன் தடி வயர்?

நல்ல கேள்வி, எனக்குப் பிடித்த கேள்வியும்கூட. கொடைக்கோ பெருநாளுக்கோ தெருவோரம் கட்டும் குழாய் ஸ்பீக்கர் ஒவ்வொன்றுக்கும் பின்னால் ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் இருக்கும். அவர்கள் ஆம்ப் 100 வோல்ட் லைனில் அனுப்புகிறது. 20 வாட்டை 100 வோல்ட்டில் அனுப்பினால் வயரில் ஓடுவது 0.2 ஆம்பியர். அதே 20 வாட்டை உங்கள் ரிசீவர் 8 ஓம் ஸ்பீக்கருக்கு அனுப்பும்போது 1.58 ஆம்பியர், ஏறக்குறைய எட்டு மடங்கு. வயரில் வீணாகும் சக்தி கரண்டின் வர்க்கத்தோடு கூடும். எட்டை எட்டால் பெருக்கிப் பாருங்கள், ஊர்க்கோடிவரை மெல்லிய வயர் எப்படித் தாங்குகிறது என்று புரிந்துவிடும். மின்வாரியம் உயர் அழுத்தத்தில் கொண்டுவந்து தெருமுனையில் இறக்குவதும் இதே கணக்குதான்.

வீட்டு ரிசீவரில் 100 வோல்ட் வெளியீடு கிடையாது. ஆகவே ரேடியோ செட்காரரிடம் பழைய குழாயை வாங்கி ரிசீவரில் மாட்டினால் டிரான்ஸ்பார்மர் காரணமாகக் கொசு பாடுவது போலத்தான் கேட்கும். மறுபுறம், வீட்டு ஸ்பீக்கரை அவர்கள் 100 வோல்ட் லைனில் மாட்டினால் காயில் கருகும். இரண்டு உலகத்தையும் கலக்காதீர்கள்.

ஸோன் 2 ஸ்பீக்கர் மாட்டிவிட்டேன், ஆன் செய்தும் சத்தம் வரவில்லை.

இரண்டு காரணங்கள், இரண்டும் மெனுவிலோ வயரிலோதான்.

7 சேனல் ரிசீவரில் ஏழு ஆம்ப் உண்டு. அவற்றில் இரண்டைப் பின்பக்க சரவுண்டுக்கா, ஸோன் 2-வுக்கா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். செட்டப் மெனுவில் ஸ்பீக்கர் பகுதிக்குள் 'ஆம்ப் அசைன்' என்பது போல ஒரு வரி இருக்கும். அதை 'ஸோன் 2' ஆக்குங்கள். அதன்பிறகு ஹாலில் 5.1 தான். ஏழு ஸ்பீக்கரும் ஹாலில் பாடிக்கொண்டு ஸோன் 2-வும் பாட வேண்டும் என்றால் ஒன்பது ஆம்ப் உள்ளதை வாங்க வேண்டும், அல்லது ஸோன் 2-வுக்குத் தனி ஆம்ப்.

அதுவும் சரி என்றால் பாட்டு எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். பழைய ரிசீவர்கள் பலவற்றில் ஸோன் 2-வுக்கு ரேடியோவும் சிவப்பு-வெள்ளை வயரில் வருவதும் மட்டும்தான் போகும். எச்டிஎம்ஐ, ஆப்டிகல் வழியாக வருவது போகாது. டிவி சத்தம் ஹாலில் கேட்கிறது, உள்ளே கேட்கவில்லை என்று புலம்புகிறவர்களுக்குப் பெரும்பாலும் இதுதான். டிவியிலோ செட்டாப் பாக்ஸிலோ ஹெட்போன் துளை அல்லது ஆர்சிஏ வெளியீடு இருந்தால் அதிலிருந்து இன்னொரு வயரையும் ரிசீவருக்குக் கொடுத்து, ஸோன் 2-வுக்கு அந்த இன்புட்டைத் தேர்ந்தெடுங்கள். புதிய ரிசீவர்களில் டிஜிட்டலும் போகும், ஆனால் பலவற்றில் இரண்டு சேனல் பிசிஎம் (சுருக்காத டிஜிட்டல் ஒலி) ஆக இருந்தால் மட்டும். அனுப்பும் பெட்டியின் ஆடியோ அமைப்பில் 'டால்பி'யை விட்டு 'பிசிஎம்' வையுங்கள். 'ஆல் ஸோன் ஸ்டீரியோ', 'பார்ட்டி மோட்' என்று ஏதாவது பொத்தான் இருந்தால் அதை அழுத்தியும் பாருங்கள், ஹாலில் ஓடுவது அப்படியே உள்ளேயும் போகும்.

இரண்டு அறைக்கும் நடுவில் நின்றால் எதிரொலி மாதிரிக் கேட்கிறது.

ஒலி ஒரு வினாடியில் சுமார் 343 மீட்டர் போகும். 10 மீட்டர் தள்ளியிருக்கும் ஸ்பீக்கரின் சத்தம் உங்களிடம் வர 29 மில்லி வினாடி. பக்கத்து ஸ்பீக்கர் உடனே கேட்கிறது, தூரத்து ஸ்பீக்கர் கொஞ்சம் பிந்துகிறது. இதுவரை காது பொறுத்துக்கொள்ளும். அதற்கு மேல் ரிசீவரின் டிஜிட்டல் வேலைகள் ஹால் சத்தத்தைத் தாமதிக்கும், ஸோன் 2 நேராகப் போய்விடும், அப்போதுதான் இரட்டைக்குரல். ஹாலில் 'டைரக்ட்' அல்லது 'ப்யூர்' மோட் போட்டால் பெரும்பாலும் சரியாகும். ஏ-பி இணைப்பில் இந்தத் தொல்லை கிடையாது, ஏ-பியை நான் ஆதரிப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

வயரே வேண்டாம், உள்ளே ஒரு ப்ளூடூத் ஸ்பீக்கர் வைத்துவிட்டால்?

தனியாகக் கேட்க நல்லது. ஹாலோடு சேர்ந்து பாட வேண்டும் என்றால் சரிப்படாது. ப்ளூடூத்தில் தாமதம் சாதாரணமாக 100 முதல் 200 மில்லி வினாடி, சிலதில் இன்னும் அதிகம். மேலே சொன்ன 29-ஐ இதோடு வைத்துப் பாருங்கள். பஜனையில் ஒருவர் பின்தங்கிப் பாடுவது போல இருக்கும். தடிச் சுவர் இரண்டு வந்தால் சிக்னலும் திக்கும்.

வைஃபையில் ஓடும் முறைகள் வேறு ரகம். டெனான், மராண்ட்ஸ் ரிசீவர்களில் ஹியோஸ், யமஹாவில் மியூசிக்காஸ்ட். இவை அறைகளை ஒரே தாளத்தில் வைத்துக்கொள்ளும். சுவரை உடைக்க முடியாத வாடகை வீட்டுக்கு இதுவே நல்ல வழி. விலை கூடுதல், இரண்டு அறையிலும் அதே குடும்பத்துப் பெட்டிதான் வேண்டும், வைஃபை நொண்டினால் பாட்டும் நொண்டும்.

அடுக்களையில் ஒரே ஒரு ஸ்பீக்கர் வைக்கத்தான் இடம். இடது மட்டும் மாட்டினால் போதாதா?

பாதிப் பாட்டுதான் கேட்கும். ஸ்டீரியோ புதிதாக வந்த காலத்துப் பாட்டுகளில் வயலின்களை ஒரு பக்கமும் தபேலாவை இன்னொரு பக்கமுமாகப் பிரித்து வைத்தவை உண்டு, உங்கள் அடுக்களைக்குத் தபேலா மட்டும் வரும். ஸோன் 2 மெனுவில் 'மோனோ' இருந்தால் அதைப் போடுங்கள். இல்லையென்றால் ஒரே பெட்டியில் இடது, வலது இரண்டையும் வாங்கிக்கொள்ளும் இரட்டைக் காயில் ஸ்பீக்கர்கள் உண்டு. இடது, வலது வயர்களை மட்டும் ஒன்றாக முறுக்கிவிடாதீர்கள். இரண்டு ஆம்ப்களும் ஒன்றையொன்று தள்ளும், இரண்டுக்கும் ஆகாது.

சிவப்பு, கறுப்பு மாறினால் என்ன?

வெடிக்காது. ஒரு ஸ்பீக்கர் முன்னே தள்ளும்போது மற்றது பின்னே இழுக்கும், பேஸ் காணாமல் போகும். பரணில் ஓடி வரும் வயரில் எது எது என்று தெரியவில்லையா? ரிசீவரிலிருந்து வயரைக் கழற்றிவிட்டு, 1.5 வோல்ட் பென்டார்ச் பேட்டரியை அந்த நுனியில் ஒரு கணம் தொட்டு எடுங்கள். கோன் வெளியே வந்தால் பேட்டரியின் பிளஸ் தொட்டதுதான் சிவப்பு.

பழைய ஸ்டீரியோ ஆம்ப் ஒன்று அலமாரியில் சும்மா கிடக்கிறது. அதைப் பயன்படுத்தலாமா?

கட்டாயம். ஸோன் 2 ஆர்சிஏ வெளியீடு உள்ள ரிசீவருக்கு அது வரப்பிரசாதம். ஓம் தொல்லை இல்லை, ரிசீவருக்குப் பாரம் இல்லை, உள்ளறைக்குத் தனி வால்யூமும் கிடைத்துவிடும். ஆம்பை ரிசீவர் பக்கத்திலேயே வைத்து ஸ்பீக்கர் வயரை நீட்டுங்கள். ஆர்சிஏ வயரை நீட்டினால் உம் சத்தம் ஏறிக்கொள்ள இடம் கொடுக்கிறீர்கள்.

எந்த வெளியீடும் இல்லாத 5.1 ரிசீவர்காரர்களுக்கும் இதே ஆம்ப் உதவும். போனையோ பிளேயரையோ ஒரு 'ஒய்' வயரால் பிரித்து ஒன்றை ரிசீவருக்கும் இன்னொன்றை ஆம்புக்கும் கொடுங்கள். அழகான ஏற்பாடு அல்ல, ஆனால் வேலை நடக்கும்.

உம்ம்ம் என்று ஒரு இரைச்சல் விடாமல் கேட்கிறது.

கேபிள் டிவி வயரை செட்டாப் பாக்ஸிலிருந்து கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் உம் வருவது அந்த வழியாகத்தான். கேபிளின் எர்த்தும் வீட்டு எர்த்தும் சண்டை போடுகின்றன. நிற்கவில்லையென்றால் எல்லாப் பெட்டிகளையும் ஒரே சாக்கெட் வரிசையில் மாட்டுங்கள். கரண்ட் போனபோது மட்டும் உம் என்றால் உங்கள் இன்வெர்ட்டர் சதுர அலை வகை, சைன் அலை வகைக்கு மாறாமல் அது போகாது. மூன்று பின் பிளக்கில் எர்த் பின்னை வெட்டினால் உம் நிற்கும் என்று ஒருவர் சொல்லித் தருவார். செய்யாதீர்கள்.

துபாயிலிருந்தும் அமெரிக்காவிலிருந்தும் கொண்டுவரும் ரிசீவர் இங்கே ஓடுமா?

இந்த மாவட்டத்தில் தெருவுக்கு நாலு வீட்டில் வெளிநாட்டு வாசம் உண்டு. டூ-இன்-ஒன் காலத்திலிருந்தே அட்டைப்பெட்டிக்குள் பாட்டுப்பெட்டி வந்துகொண்டுதான் இருக்கிறது. ஆகவே விரிவாகச் சொல்கிறேன்.

துபாய், குவைத் பக்கம் வாங்கியது நம் கரண்டுக்கு ஒத்துப்போகும். ஆனால் வளைகுடாவில் விற்கும் சில மாடல்களில் பின்பக்கம் ஒரு சின்ன வோல்டேஜ் செலக்டர் இருக்கும், 110-120 ஒரு பக்கம், 220-240 மறுபக்கம். பிளக்கைச் செருகும் முன் அது 220-240-இல் நிற்கிறதா என்று பாருங்கள். அமெரிக்கப் பெட்டி 120 வோல்ட் மட்டும், நேராகச் செருகினால் அன்றோடு சரி. ஸ்டெப்-டவுன் டிரான்ஸ்பார்மர் வேண்டும். பின்பக்கம் போட்டிருக்கும் வாட்டைவிட நன்றாகப் பெரிய அளவில் வாங்குங்கள், டிரான்ஸ்பார்மரே 'ர்ர்' என்று உறுமினால் அதை ஷோகேஸுக்கு வெளியே வையுங்கள்.

அடுத்தது ரேடியோ. அமெரிக்காவில் எஃப்எம் நிலையங்கள் 0.2 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில், புள்ளிக்குப் பின் ஒற்றைப்படை எண்ணில்தான் இருக்கும். அங்கே வாங்கிய ரிசீவர் 100.9-லிருந்து நேரே 101.1-க்குத் தாவும். 1984-இல் தொடங்கிய நம் நாகர்கோவில் வானொலி இருப்பதோ 101.0-இல். நடுவில் மாட்டிக்கொள்ளும். அதே பெட்டியில் திருவனந்தபுரத்து எஃப்எம் 101.9 கண்ணாடி மாதிரி எடுக்கும். "அண்ணே, புது செட்டுல மலையாளம் மட்டும்தான் பாடுது" என்று ஒருவர் கூப்பிட்டதன் ரகசியம் இதுதான். சில மாடல்களில் ட்யூனர் இடைவெளியை மாற்ற மெனுவிலோ பின்பக்கச் சுவிட்சிலோ வழி இருக்கும், கையேட்டில் தேடுங்கள். இல்லையென்றால் நாகர்கோவில் நிலையத்தைப் போனில் வைத்து ரிசீவருக்கு அனுப்ப வேண்டியதுதான்.

இடி மின்னல் காலத்தில் என்ன செய்வது?

சித்திரையில் கோடை இடி, ஐப்பசியில் துலா இடி. பிளக்கைக் கழற்றுங்கள். சுவிட்சை அணைப்பது மட்டும் போதாது. கூடவே கேபிள் டிவி வயர், மாடிக்குப் போகும் எஃப்எம் ஏரியல், இன்டர்நெட் வயர் மூன்றையும் பிடுங்கிவிடுங்கள். பிளக்கைக் கழற்றியும் ரிசீவர் போன வீடுகளில் மின்னல் அந்த வழிகளில்தான் வந்திருக்கும். ஸ்பைக் கார்டு சின்னச் சின்னத் துள்ளல்களுக்கு உதவும், பக்கத்துத் தென்னையில் விழும் மின்னலுக்கு அல்ல.

2017 நவம்பரில் ஒக்கி புயல் அடித்து நாள்கணக்கில் கரண்ட் இல்லாமல் கிடந்தோமே, அப்போது ஒரு விஷயம் பழகிக்கொண்டேன். நீண்ட நேரம் கழித்து வரும் கரண்ட் முதலில் ஏறி இறங்கும். பல்ப் நிதானமாக எரிவதைப் பார்த்துவிட்டுத்தான் ரிசீவரைச் செருகுவேன்.

சிட் அவுட்டிலும் ஒரு ஜோடி ஸ்பீக்கர் போடலாமா?

போடலாம், வெளிப்புறத்துக்கென்று செய்தவற்றை. நமக்குத் தென்மேற்கு, வடகிழக்கு என்று இரண்டு மழையும் உண்டு, காகிதக் கோன் ஒரு வருஷம் தாங்காது. கடலோரம் என்றால் முனைகளை ஆறு மாதத்துக்கு ஒருமுறை கழற்றிப் பச்சை பிடித்திருந்தால் வெட்டிப் புது நுனி எடுங்கள். பனானா பிளக் பூட்டியிருந்தால் இந்த வேலை சுலபம்.

ரிசீவர் அடிக்கடி தானாக அணைகிறது. ஓம் கணக்கெல்லாம் சரியாகவே இருக்கிறது.

எல்லா ஸ்பீக்கர் வயரையும் கழற்றிவிட்டு ஆன் செய்யுங்கள். அணையாமல் நின்றால் குற்றம் வயரில். ஏதோ ஒரு முனையில் முடி போல ஒரு இழை நீட்டிக்கொண்டு பக்கத்து முனையைத் தொடும். ஒவ்வொன்றாகத் திரும்ப மாட்டிக் கண்டுபிடிக்கலாம்.

சூடும் காரணமாகலாம். கண்ணாடிக் கதவு போட்ட ஷோகேஸுக்குள் வைத்து, மேலே குரோஷா துணி விரித்து, அதன்மேல் கேடயங்களை அடுக்கிய ரிசீவர்களைப் பார்த்திருக்கிறேன். மேல்பக்க ஓட்டைகள் அது மூச்சு விடும் இடம். குறைந்தது அரை அடி காலி விடுங்கள், கதவைத் திறந்து வையுங்கள். இரண்டு அறை ஓட்டும்போது சூடு இன்னும் கூடும்.

வயரைக் கழற்றிய பிறகும் அணைந்தால் மெக்கானிக்கிடம்தான் போக வேண்டும். கொண்டுபோகும் முன் பிளக்கைக் கழற்றி, மேல் ஓட்டை வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். கதகதப்புக்காக உள்ளே போன பல்லி போர்டின் மேல் காய்ந்து கிடப்பது இங்கே அபூர்வமில்லை. கிடந்தால் குச்சி விட்டுக் கிளறாதீர்கள், உள்ளே கெப்பாசிட்டரில் கரண்ட் தேங்கியிருக்கும். மெக்கானிக்கிடம் "உள்ளே பல்லி இருக்கு" என்று முதலிலேயே சொல்லிவிட்டால் அவருக்குப் பாதி வேலை மிச்சம்.